புகையைச் சுவைத்த நண்பர்களுக்கு: கொல்லிமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புமிக்க நண்பர்களே,

சென்னையிலும் கோவையிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும், சிறு சிறு குழாங்களாகக் கூடி, முளைகட்டிய பார்லியினின்று ஒரே வடிசாலையில் இறக்கப்பெற்ற ஸ்காட்லாந்து விஸ்கிகளைப் பொறுமையோடு சுவைத்து அவற்றின் குணபேதங்களை ஆராயும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும், காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய இம்மலையில் மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழும் ஒருவன் எழுதும் மடல் இது. உங்களுள் சிலர் சென்ற மார்கழியில் விருந்தினராக இங்கு வந்திருந்தபோது, என்னையும் அருகில் அமர்த்தி, ஐலா தீவின் ஆக்டோமோர் என்னும் அபூர்வமான விஸ்கியில் சிறிதளவை எனக்கும் அளித்தீர்கள். அதன் சுவையைப் பற்றியும், அதைச் சுவைக்கையில் நீங்கள் காட்டிய சிரத்தையைப் பற்றியும், அத்தகைய சிரத்தை இம்மலைக்கு எத்துணை அவசியமாயிருக்கிறது என்பதைப் பற்றியும் உங்கள் எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லவேண்டுமென்று விரும்பியே இதனை எழுதலானேன்.

குடிப்பவர்களைப் பலகாலும் கண்டிருக்கிறேன். சுவைப்பவர்களைக் கண்டது அரிது. விரல் அளவே ஊற்றிய கிண்ணத்தை உடனே வாயருகே கொண்டுபோகாமல், நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, மணத்தை விட்டுவிட்டு முகர்ந்து, சில துளி நீர் சேர்த்ததும் அம்மணம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கவனித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தும் திருத்தியும் ஒரு மாலைப்பொழுதை நீங்கள் செலவிட்ட முறையில், உண்டியையும் பானத்தையும் அறிவோடு அணுகும் ஒரு நாகரிகத்தைக் கண்டேன். ஆக்டோமோரோ, அத்தகைய கவனத்துக்குத் தகுதியான பொருளாகவே இருந்தது. மூக்கருகே வரும்போதே நனைந்த கரியும் கடலோரத்து உப்புக்காற்றும் புண்ணுக்கு இடும் அயோடினும் கலந்தாற்போன்ற நெடி எழுந்தது. நாவிற் பட்டதும் ஏறக்குறைய அறுபது விழுக்காடு சாராயத்தின் காரம் மற்றெல்லாவற்றையும் மறைத்தது. நீர் சேர்ந்த பிறகோ, அக்காரம் மெல்ல விலக, வறுத்த தானியத்தின் தெளிந்த இனிமையும் எலுமிச்சைத் தோலின் வாசனையும் முன்வந்து, புகை அவற்றுக்குப் பின்னே நெடுநேரம் தொண்டையில் தங்கியிருந்தது.

உலகிலேயே புகை மிகுந்தது என்று பெயர் பெற்ற விஸ்கியில் தானியத்தின் இனிமை அவ்வளவு தெளிவாகப் புலப்பட்டது எனக்கு வியப்பாயிருந்தது. அதன் காரணத்தை அன்று நீங்கள் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்து, இவ்விஷயத்தில் பழக்கமில்லாத வாசகர்களின் பொருட்டு இங்கே சுருங்கச் சொல்வது தகும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் காற்றுக்கு நேர்முகமாக நிற்கும் ஐலா, மரங்கள் அருகிய தீவு. குளிர்காயவும் சமைக்கவும் அம்மக்களுக்குக் கிடைத்த எரிபொருள், சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் புதரும் நீரில் அமிழ்ந்து, காற்றோட்டமின்மையால் முழுதும் மக்கிவிடாமல், அடுக்கடுக்காகப் படிந்து உண்டான பீட் என்னும் முற்றாத நிலக்கரியே. ஓர் ஆண்டில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே வளர்வதால், ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டியெடுத்த கட்டி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பசுமையாயிருந்த தாவரங்களின் எச்சமாகும். பார்லியை ஊறவைத்து முளைகட்டியபின், முளை மேலும் வளர்ந்து தானியத்தின் மாவுச்சத்தை உண்டுவிடாதபடி சூடேற்றி உலர்த்தவேண்டும். அவ்வாறு உலர்த்தும் தொடக்கத்தில், தானியம் ஈரமாயிருக்கும்போதே, பீட்டை எரித்த புகையைச் செலுத்தினால், அப்புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் உமியைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று அளந்து, அத்தீவின் பிற வடிசாலைகளான லாகவூலினுக்கு ஏறக்குறைய 35 என்றும் ஆர்ட்பெக்குக்கு 55 என்றும் சொல்வர். ஆக்டோமோர் வரிசையிலுள்ளவையெல்லாம் 80-ஐக் கடந்தவை. 2017-இல் வெளிவந்த ஒன்றுக்கு அந்த எண் 309.

ஆயினும், அந்த அளவு முளைதானியத்தில் எடுக்கப்படுவதேயன்றிப் புட்டியிலுள்ள விஸ்கியில் எடுக்கப்படுவதன்று. அரைத்த முளைதானியத்தை வெந்நீரில் இட்டு இனிப்புச் சாற்றைப் பிரிக்கையில் ஒரு பங்கு சக்கையோடு நீங்குகிறது. கனமான புகைச் சேர்மங்கள் வடிப்பின் பிற்பகுதியிலேயே மிகுதியாக வருமாதலால், வடிப்பவர் ஓட்டத்தை எந்தக் கணத்தில் நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்து இன்னொரு பங்கு ஒதுங்கிவிடுகிறது. ஆக்டோமோரை ஆக்கும் புருக்லாடி வடிசாலையின் செப்புக் கலங்களோ நெடிய, ஒடுங்கிய கழுத்துடையவையாதலின், மென்மையான ஆவியையே மேலே செல்லவிடுகின்றன. ஆகவே, புட்டியின்மேற் பொறித்த எண்ணைக் கண்டு அஞ்சியவனும் அதனையே கண்டு ஆசைப்பட்டவனும் ஒருங்கே ஏமாறுவர். உண்மையை நாக்குத்தான் சொல்லவேண்டும். இதை நீங்கள் நன்கு அறிவீர்கள்.

இந்தப் புகைச்சுவை இன்றளவும் பிழைத்திருப்பதன் வரலாறுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. இருப்புப்பாதை வந்து நிலக்கரி எளிதில் கிடைக்கலானபின், ஸ்காட்லாந்தின் பெருநிலத்து வடிசாலைகளிற் பல பீட் புகையைக் குறைத்தன, அல்லது அடியோடு கைவிட்டன. ஐலாவின் விஸ்கியோ பிற விஸ்கிகளோடு கலப்பதற்குரிய சரக்காகவே பெரும்பாலும் விற்கப்பட்டு, தன் பெயரைத் தாங்கித் தனித்து நிற்கும் பேறு பெறாமல் இருந்தது. தேவைக்கு மிஞ்சிய சரக்குத் தேங்கிய 1980-களில், ஆர்ட்பெக் 1981-இல் மூடப்பட்டது. போர்ட் எல்லன் என்னும் ஐலா வடிசாலை 1983-இல் மூடப்பட்டது. புருக்லாடியும் 1990-களின் நடுவில் அடங்கியது. இத்தேக்கத்தின் இடையே, 1988-இல் லாகவூலின் தன் பெயரோடு தனித்து முன்னிறுத்தப்பட்டதும், மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் மால்ட் எனப்படும் ஒவ்வொரு முளைதானிய விஸ்கியின் சுவையையும் தனித்தனியே விவரித்து 1989-இல் ஒரு கைந்நூல் வெளியிட்டதும், அவர் போன்றோரின் எழுத்தைப் படித்தவர்கள் கடைகளில் இன்ன சாலையின் இன்ன விஸ்கி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தலைப்பட்டதும் நிலைமையை மாற்றின. இடையில் அரைகுறையாக இயங்கி 1996-இல் மறுபடியும் மூடிய ஆர்ட்பெக் 1997-இல் உயிர்பெற்றது. புருக்லாடி 2001-இல் திறந்து, அடுத்த ஆண்டே ஆக்டோமோரை வடிக்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டு மூடிக்கிடந்த போர்ட் எல்லன் 2024-இல் மீண்டும் திறந்தது. மறைந்துபோக இருந்த ஒரு மண்ணின் சுவையை, உங்களைப் போன்ற சுவைஞர்கள் பெயர் சொல்லிக் கேட்டதும் உரிய விலை கொடுத்ததும் காப்பாற்றின என்பதே இவ்வரலாற்றின் சாரம். நான் சொல்லவந்ததன் அஸ்திவாரமும் இதுதான்.

இனி இம்மலைக்கு வருகிறேன். நீங்கள் அமர்ந்து சுவைத்த கொல்லி, சுவையறிந்தோரின் பேச்சுக்குப் புதிய இடமன்று. இதனை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில், காட்டிடையே தன்னை எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு அவன் வேட்டையில் வீழ்த்திய மானின் இறைச்சியையும் மதுவையும் வழங்கிய செய்தியை வன்பரணர் என்னும் புலவர் சொல்கிறார். அம்மதுவை வெறுமனே மது என்று விட்டுவிடாமல், உருக்கிய பசுநெய்யைப் போன்றிருந்தது என்று அதன் தன்மையையும் அவர் குறித்திருப்பதை நீங்கள் ஊன்றி நோக்கவேண்டும். நிறமும் திண்மையும் மினுமினுப்பும் ஒரே உவமையில் அடங்கிவிட்ட அந்தக் குறிப்பு, நான் அறிந்தவரையில், கொல்லிமலையில் அருந்திய பானத்தைப் பற்றிய மிகப் பழைய சுவைக்குறிப்பாகும். நாட்பட்ட தேறலின் கடுமையை ஔவையார் தேள் கொட்டுவதற்கு ஒப்பிட்டார். சிறுபாணாற்றுப்படை பாம்பின் வெகுளிக்கு ஒப்பிட்டது. மலைவாழ் குறவர் தேனை மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்துப் பருகியதைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. மண்ணிற் புதைத்துப் பக்குவப்படுத்திய மதுவைக் கபிலர் அறிந்திருந்தார். கருவாலி மரப் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு கிடந்தாலன்றி விஸ்கி ஆகாது என்று இன்று ஸ்காட்லாந்தின் சட்டம் விதிக்கிறது. கலத்துக்கும் காலத்துக்கும் பானத்தோடுள்ள சம்பந்தத்தை நம் முன்னோரும் தம் வழியில் உணர்ந்தே இருந்தனர்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வதால், பழைய மதுவை மீண்டும் காய்ச்ச வேண்டுமென்று நான் வேண்டுவதாக எவரும் கருதிவிடலாகாது. கொல்லிமலை அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இந்நாட்டில் மதுவிலக்கு முதன்முதல் சட்டமாக நடப்புக்கு வந்தது, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த காலத்தில், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, அந்தச் சேலம் ஜில்லாவிலேதான். சட்டம் பின்னர்த் தளர்ந்ததும் இறுகியதும் வேறு கதை. கூலியெல்லாம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் போய், குழந்தைகள் பட்டினி கிடந்த இல்லங்களின் துயரம் அச்சட்டத்தின் பின்னே இருந்தது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் கண்டோம். அத்துயரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆதலின், இம்மலையில் சாராயம் பெருகவேண்டும் என்று சொல்ல என் நா எழாது. உங்கள் கிண்ணத்தின்பால் எனக்குப் பகையில்லை. கிண்ணத்தில் உள்ளதைக் காட்டிலும் அதை ஏந்தும் உங்கள் கவனத்தையே நான் நாடுகிறேன்.

உங்களுள் ஒருவர் அன்றைக்கு ஒரு யோசனை சொன்னார்: பெங்களூரின் அம்ருத் ஆலையார் தங்கள் மால்ட்டை 2004-இல் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்து கீர்த்தி பெற்றார்கள், புகை வேண்டியபோது ஸ்காட்லாந்தில் பீட் புகையிட்ட பார்லியை வருவித்துக்கொள்கிறார்கள், நீலகிரியிலேயே பீட் இருக்கும்போது, நம் பீட்டில் நம் தானியத்தை உலர்த்தினால் என்ன என்பது அவர் வினா. அவ்வார்வத்தை மதிக்கிறேன், ஆனால் அதற்கு இசைய மாட்டேன். நீலகிரியின் உச்சிப் பள்ளங்களிலுள்ள அந்தச் சிறுசிறு சதுப்புகளைச் சுகுமார் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் மழையும் வறட்சியும், காடும் புல்வெளியும் எவ்வாறு மாறிமாறி வந்தன என்பதை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்று விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், உலகக் காடுகள் அனைத்தும் தாங்குவதைவிட அதிகக் கரியைத் தம்முள் அடக்கியிருக்கின்றன. நம்மிடமுள்ள சிறிதளவையும் ஒரு மாலைநேரத்துச் சுவைக்காக எரிப்பது தர்மமன்று. அது நிலத்திலேயே கிடக்கட்டும். நமக்கு வேறு செல்வம் இருக்கிறது.

அச்செல்வம், இம்மலையின் தானியங்கள். கேழ்வரகும் சாமையும் தினையும் வரகும் பனிவரகும் இங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்களின் உணவாகத் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. சாமையில் மட்டும் சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று பல. கேழ்வரகிலும் தினையிலும் அவ்வாறே பல. முன்னே விளைவது, பின்னே விளைவது, சரிவான கல் நிலத்துக்கு ஏற்றது, களிக்கு உகந்தது, சோற்றுக்கு உகந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் ஒரு பிரயோஜனமும் உண்டு. ஐலாவின் பார்லிக்குச் செய்யும் முதற் கிரியையை நம் தாய்மார்கள் கேழ்வரகுக்குச் செய்துவருகிறார்கள்: ஊறவைத்து, துணியிற் கட்டி முளை வரச்செய்து, உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கூழாக ஊட்டுகிறார்கள். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைத் தானே இனிப்பாக மாற்றிக்கொள்ளும் இயற்கையின் வித்தைதான் இரண்டிடத்தும் நிகழ்வது. அங்கே அது பீப்பாய்க்குப் போகிறது, இங்கே தொட்டிலுக்குப் போகிறது.

இத்தானியங்கள் இப்போது ஐலாவின் வடிசாலைகள் 1980-களில் இருந்த நிலையில் இருக்கின்றன. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டியிருந்தது. கிழங்குக்கு ரொக்கம் கிடைத்தது. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சாமையின் உமியோ கடினமானது. அதை உரலிலிட்டுக் குற்றிக் குற்றிப் பெண்களின் தோள் ஓய்ந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி எளிதிற் கிடைத்தபின் அந்த உழைப்பை யார்தான் விரும்புவார்? உழவர்மீது இதிற் குற்றம் ஏதுமில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இங்கே தங்கி, விதைகளைத் திரட்டி ஊர்தோறும் விதைவங்கி அமைத்ததும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொணர்ந்ததும், மகளிர் குழுக்களைக் கொண்டு தானியத்தைப் பொதியிட்டு விற்கச் செய்ததும் பாராட்டுக்குரிய தொண்டு. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் நன்றே. ஆயினும், நகரத்துக் கடைகளில் இன்று 'சாமை' என்ற பொதுப்பெயரோடு அடுக்கப்பட்டிருக்கும் பொதிகளில், எந்த மலையின் எந்தச் சாமை என்ற குறிப்பைக் காண்பது அரிது. பெயரற்றுப் போன சரக்கு விலையற்றும் போகும்; விலையற்றுப் போனதை உழவன் எத்தனை நாள் விதைப்பான்? கலப்புக்கென்றே விற்கப்பட்ட ஐலா விஸ்கியின் கதையும் இதுவேயன்றோ?

ஆகவே, நண்பர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அவற்றை உரிமையோடு வைக்கிறேன், ஏனெனில் சுவையைக் காக்கும் வல்லமை உங்களிடம் இருப்பதை ஐலாவின் வரலாறு எனக்குக் காட்டிவிட்டது.

முதலாவதாக, உங்கள் கூட்டங்களில் ஒன்றையேனும் இம்மலையின் விளைபொருள்களுக்கென்று ஒதுக்குங்கள். மூன்று வகைச் சாமையை மூன்று கலங்களில் உப்பிடாமல் சமைத்து, பெயரை மறைத்து வைத்து, ஆக்டோமோரை முகர்ந்த அதே பொறுமையோடு முகர்ந்து உண்டு பாருங்கள். மலைத்தேனீ பாறையில் கட்டிய அடையின் தேனையும், சிறு தேனீ மரப்பொந்தில் வைத்த தேனையும் அடுத்தடுத்து நாவில் இட்டுப் பாருங்கள். எந்தப் பூ பூத்த பருவத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பலா மரமும் சில்வர் ஓக்கும் நிழல்தரும் தோட்டத்துக் காப்பியையும், அம்மரங்களிலேயே படர்ந்த மிளகையும் அவ்வாறே ஆராயுங்கள். ஐலாவின் கடற்காற்றைக் கிண்ணத்தில் இனங்காணப் பழகிய மூக்குக்கு இவற்றின் வேறுபாடு புலப்படாமற் போகாது.

இரண்டாவதாக, நீங்கள் கண்டதைத் தமிழில் எழுதிவையுங்கள். வன்பரணருக்கு உருக்கிய நெய் நினைவுக்கு வந்தது. ஔவையாருக்குத் தேள் நினைவுக்கு வந்தது. உங்களுக்குத் தோன்றும் உவமைகளை நீங்கள் தயங்காமல் எழுதினால், சடஞ்சாமைக்கும் மல்லியச்சாமைக்கும் உள்ள பேதத்தை அடுத்த தலைமுறை படித்தறியும். ஜாக்சனின் கைந்நூல் மூடிய வடிசாலைகளுக்குச் செய்ததை, உங்கள் குறிப்பேடு எங்கள் விதைகளுக்குச் செய்யக்கூடும்.

மூன்றாவதாக, பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயருக்கு உரிய விலையைக் கொடுங்கள். ஒரு புட்டிக்கு ஆயிரக்கணக்கில் ஈந்து, அது எந்தப் பண்ணையின் பார்லி, எந்தப் பீப்பாயில் எத்தனை ஆண்டு கிடந்தது என்றெல்லாம் வினவும் நீங்கள், ஒரு படி தினைக்கு மட்டும் பேரம் பேசுதல் முறையாகுமோ? உழவரின் பெயரும் ஊரின் பெயரும் நாட்டின் பெயரும் பொதியின்மேல் பொறிக்கப்படவேண்டும் என்று வற்புறுத்துங்கள். நீங்கள் கேளாதவரை அதை எந்த வியாபாரியும் செய்யமாட்டார்.

நான்காவதாக, இம்மலைக்கு வரும் பிற நண்பர்களுக்கும் உங்கள் பண்பைக் கற்பியுங்கள். ஆகாயகங்கை அருவிக்குச் செல்லும் வழியிலும் காட்சிமுனைகளிலும் உடைந்த புட்டிச் சில்லுகள் கிடக்கின்றன. வெறுங்காலோடு விறகுக்கும் தேனுக்கும் செல்வோரின் பாதத்தை அவை கிழிக்கின்றன. மதுவை மதிக்கத் தெரிந்தவர்கள் அது வார்க்கப்பட்ட மண்ணையும் மதிப்பார்கள் என்பதை உலகுக்குக் காட்டவேண்டியவர்கள் நீங்களே.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இங்கே சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். எந்த வகையை எத்தனை நிலத்தில் விதைப்பது என்று அவர்கள் முடிவு செய்வது அதற்குச் சற்று முன்னர்த்தான். உங்களுள் பத்துக் குழுவினர் கூடி, அறுவடைக்குப் பின் இன்ன வகையில் இத்தனை மூட்டையை இன்ன விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று சித்திரைக்குள் எழுதி, அதற்கு ஒரு பங்கு முன்பணமும் அனுப்புவீர்களாயின், மரவள்ளிக்கு ஒதுக்க நினைத்த சரிவுகளில் சிலவேனும் இவ்வாண்டே சாமைக்குத் திரும்பும். அக்கடிதத்தை மகளிர் குழுவினரிடம் சேர்ப்பிப்பதையும், விதை முதல் பொதி வரை கணக்கு வைப்பதையும், அறுவடையானதும் சரக்கை மலையிலிருந்து இறக்கி அனுப்புவதையும் என் பொறுப்பாக ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அன்பன்,
செம்மேட்டுக்கு அருகே வாழும் ஒரு தோட்டக்காரன்,
கொல்லிமலை.